நாற்பது சட்டையில் ப்ரீயின் முகம்

வெர்டெல் டாலிவரைப் பத்தி யாராவது தப்பாப் பேசினா நான் சும்மா விட மாட்டேன். ஒரேயடியாத் தூக்கி வச்சுப் பேசினாலும், கொஞ்சம் பொறுங்கன்னுதான் சொல்லுவேன். பதினெட்டு வருஷமா அடுத்தடுத்த கடை எங்களுக்கு. அமெரிக்காவுல மெம்பிஸ் ஊர்ல, எங்க கறுப்பு ஜனங்க வாழுற ஆரஞ்சு மவுண்ட் பக்கம், பார்க் அவென்யூவுல எனக்கு முடி பின்னுற கடை, அவளுக்கு சட்டையில படம் அடிக்கிற கடை. நடுவுல பலகைத் தடுப்பு ஒண்ணுதான். அவ அங்க பெருமூச்சு விட்டா எனக்கு இங்க கேக்கும். என் பேர் ஓப்பல். எனக்கு மூக்கு நுனியில கோபம், அவளுக்கு அது கிடையாது. அதனாலதான் இத்தனை நாள் ஒத்துப்போச்சு.

கடை திறந்த புதுசுல அவ அடிச்சதெல்லாம் நல்ல காரியத்துக்குத்தான். வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பம் மொத்தமும் கூடுறப்போ எல்லாரும் ஒரே மாதிரி போட்டுக்கிற சட்டை, பள்ளிக்கூட பேண்டு வாத்தியக்காரங்களுக்கு, சர்ச் பாட்டுக்குழுவுக்கு, இப்படி. அப்புறம் ஒரு நாள் ஒரு தாய் வந்து மகனோட போட்டோவ நீட்டினா. நாளன்னைக்கு அடக்கம், முப்பது சட்டை வேணும்னா. அடிச்சுக் குடுத்தா. அடுத்த மாசம் இன்னொருத்தி வந்தா. போகப்போக அதுவே தொழிலாயிடுச்சு. முகம் நடுவுல, பின்னால நீல வானமும் வெள்ளை மேகமும், கீழ பொறந்த நாளும் போன நாளும். அடக்கத்தன்னிக்கு சொந்தக்காரங்க, கூட்டாளிங்க எல்லாரும் அதத்தான் போட்டுக்கிட்டு நிப்பாங்க. இழவுச் சட்டைன்னு வாயால யாரும் சொல்றதில்ல. நான் சொல்லுவேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

போட்டோவோட வர்ற பெத்தவள அவ முதல்ல உட்கார வைப்பா. 'எப்படிம்மா ஆச்சு'ன்னு கேக்கவே மாட்டா. 'சிரிக்கிற போட்டோ ஏதாவது இருக்கா கண்ணு'ன்னு மட்டும் கேப்பா. அப்புறம் சட்டையச் சூட்டு மெஷின்ல வச்சு மூடிட்டு, கண்ண மூடி இருபது எண்ணுவா. பெத்தவ போட்டுக்கிற சட்டைக்குக் காசு வாங்க மாட்டா. அவளுக்குன்னு பிள்ளை கிடையாது. ரெண்டு தடவ வயித்துல வந்து தங்காமப் போச்சு. புருஷன் ஹோசியா வேலை தேடிட்டு வரேன்னு டெட்ராய்ட் போனவன், இன்னும் தேடிக்கிட்டு இருக்கான் போல. ஊர்ப் பிள்ளைங்க முகமெல்லாம் இவ கையாலதான் கடைசியாப் போச்சு. அது ஒரு மனுஷிய என்ன பண்ணும்னு நான் யோசிச்சுப் பாத்திருக்கணும். யோசிக்கல.

அந்த வருஷம் மே மாசம் ஜனேயா பெட்டிஸ் வந்தா. எங்க தெருப் பொண்ணு. ஆறு வயசுல அவளுக்கு முதல் பின்னல் போட்டதே நான்தான். நாஷ்வில் போய் சினிமா படிச்சுட்டு, இருபத்தி நாலு வயசுல ராஷார்டுன்னு ஒரு கேமராக்காரப் பையனையும் கூட்டிக்கிட்டு வந்து நின்னா. இருபது நிமிஷப் படம் ஒண்ணு எடுக்கப் போறோம்னா. பன்னிரண்டு வயசுப் பொண்ணு, வயசுக்கு வர்ற அந்த ஒரு கோடை. தெருக்கோடி நீச்சல் குளத்துல மல்லாந்து மிதக்கக் கத்துக்கிறா. உயிர்த்தோழியோட சண்டை போடுறா. உடம்பு மாறுறத யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம முழிக்கிறா. கடைசியில அம்மாகிட்ட சொல்றா. அவ்வளவுதான் கதை.

"இதுல யாரு சாகுறா?"ன்னு கேட்டேன்.

"யாரும் சாகல மிஸ் ஓப்பல்."

"துப்பாக்கி?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் நம்மள வச்சு எடுத்த படம்னு எவன்டி நம்புவான்?"

ஜனேயா விழுந்து விழுந்து சிரிச்சா. வெர்டெல் சிரிக்கல. கையில இருந்த கத்திரிக்கோல கீழ வச்சுட்டு, "யாருமே சாகலயா?"ன்னு இன்னொரு தடவ கேட்டா. இல்லன்னு ஜனேயா தலைய ஆட்டினதும், "நான் என்ன செய்யணும் சொல்லு"ன்னா.

கலைக்கு உதவுறோம்னு சொல்லிக்கிற ஒரு அமைப்புக்கு ஜனேயா அதுக்கு முன்னாடியே எழுதிப் போட்டிருந்தா. அங்க ஒரு ஆள் கூப்பிட்டு உட்கார வச்சு, காபி எல்லாம் குடுத்து, கதை ரொம்ப நல்லா இருக்கு, ஆனா கனம் பத்தலன்னு சொன்னானாம். அந்தப் பொண்ணோட அண்ணன் நடுவுல சுடப்பட்டுச் செத்தான்னு வச்சா நிக்கும், அப்படி மாத்தி எழுதினா பாக்கலாம்னானாம். இத அவ சொன்னப்போ எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஏன், எங்க வீட்டுல இழவு விழுந்தாத்தான் அவன் பை திறக்குமா? எங்க பிள்ளைங்க சும்மா ஒரு கோடையில தண்ணியில விளையாடி வளர்ந்தா அது கதை இல்லயா? ஜனேயா மாத்த மாட்டேன்னுட்டு எந்திரிச்சு வந்துட்டா. அந்தப் பிடிவாதம் எங்க தெருவோடது.

அப்புறம்தான் இன்டர்நெட்ல நாலு பேர்கிட்ட காசு திரட்டுற ஏற்பாட்டுல இறங்கினாங்க. ஒன்பதாயிரம் டாலர், ஜூன் முப்பதுக்குள்ள. ஒரு டாலர் குறைஞ்சாலும் போட்டவங்களுக்கே மொத்தமும் திரும்பிடும், இவங்க கைக்குச் சல்லிக்காசு வராது. அப்படி ஒரு கண்டிஷன்.

நடிக்கிறதுக்கு ஜனேயா தேடிப் பிடிச்ச பொண்ணு ஆம்பிரியா. நாங்க ப்ரீம்போம். முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து. வாயத் திறந்தா மூடாது, ஆனா கேமரா முன்னால நிறுத்தினா அப்படியே அமைதியாயி கண்ணாலயே பேசுறா. எங்களுக்கே ஆச்சரியம். ஆனா அவ அம்மா லகீத்தா ஒத்துக்கணுமே.

லகீத்தா பார்சல் கிடங்குல வேலை பாக்குறவ. மூணு வருஷத்துக்கு முன்னாடி மூத்தவன் டேவியன் போயிட்டான். பதினேழு வயசு. வேற யாரையோ குறிவச்சுச் சுட்டது, இவன் நிக்கக் கூடாத இடத்துல நின்னான். இவ வேலையில இருந்தா. வீட்டுலருந்து சொல்றதுக்கு முன்னாடியே கூட வேலை பாக்குற எவளோ போன்ல வந்த செய்தியப் பாத்துட்டு, இது உன் பையன்தானேன்னு கேட்டா. அப்படித்தான் அவளுக்குத் தெரிஞ்சுது. டேவியனோட சட்டைய அடிச்சது வெர்டெல்தான்.

"என் பொண்ண நாலு பேரு பாக்கணும்னு எனக்கு ஆசை இல்ல மிஸ் வெர்டெல். யார் கண்ணுலயும் படாம வளர்ந்தாப் போதும்"னு லகீத்தா சொல்லிட்டா. வெர்டெல் மறுபடி போனா. மூணாவது தடவ கேரமல் கேக் ஒண்ணு செஞ்சு எடுத்துக்கிட்டு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனா.

"மூணே வாரம் லகீத்தா. குளத்துக்கரையில நானே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். போன மாதிரியே உன் பொண்ணக் கொண்டாந்து விடுவேன். இது என் பொறுப்பு."

லகீத்தா கேக் தட்ட வாங்கி மேசையில வச்சா. "உங்கள நம்பித்தான் அனுப்புறேன். அந்தச் சினிமாப் பிள்ளைங்கள இல்ல"ன்னா. உள்ள கதவு மறைவுல நின்னு ஒட்டுக்கேட்டுக்கிட்டு இருந்த ப்ரீ ஓடிவந்து வெர்டெல் இடுப்பக் கட்டிக்கிட்டா. வர்ற வழியெல்லாம் வெர்டெல் முகம் மலர்ந்திருந்துச்சு.

அந்த ஜூன் மாசம் நாங்க பட்ட பாடு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மீன் பொரிச்சு, கூட ஸ்பகெட்டியும் ரெண்டு துண்டு ரொட்டியும் வச்சு தட்டு தட்டா வித்தோம். வெர்டெல் எண்ணெய்ச் சட்டி முன்னால நின்னு நின்னு கை முழுக்கக் கொப்புளம். சர்ச்சுல போதகர் ரெண்டு ஞாயித்துக்கிழமை அறிவிப்புச் சொன்னார். தலை பின்ன வர்றவளுக எல்லாரையும் நான் எந்திரிக்க விடாம பிடிச்சு வச்சு வாங்கினேன். பாதிப் பின்னல்ல ஓடவா முடியும்? ஆனாலும் மாசக் கடைசியில இன்னும் தொள்ளாயிரம் டாலர் இடிக்குது. எங்க தெருவுல குடுக்கக் கூடியவங்க எல்லாம் ரெண்டு தடவ குடுத்துட்டாங்க.

அப்பத்தான் வெர்டெல் சொன்னா, ப்ரீ முகத்தப் போட்டு நான் சட்டை அடிக்கிறேன், வேற பக்கமாப் போய் விப்போம்னு. துணி, மை எல்லாம் அவ செலவு. ப்ரீயக் கடைக்கே கூப்பிட்டு போட்டோ எடுத்தா. அது பல்லு சந்து தெரிய அப்படிச் சிரிச்சுது. நாற்பது சட்டை. அடிக்கும்போது வெர்டெல் பாடினா. பதினெட்டு வருஷத்துல மெஷின் முன்னால அவ பாடி நான் கேட்டதில்ல. தடுப்ப ரெண்டு தட்டு தட்டி, "என்னடி, கல்யாணம் நிச்சயமாயிடுச்சா?"ன்னு கேட்டேன்.

"இங்க வந்து பாருடி ஓப்பல். உயிரோட இருக்கிற பிள்ளை முகம். சூடா எடுக்கிறேன், எனக்கு ஒண்ணுமே பண்ணல. சந்தோஷமா இருக்கு."

போய்ப் பாத்தேன். படத்துல அந்தப் பொண்ணு மல்லாந்து மிதந்துகிட்டு வானத்தத்தான பாக்குறா, அதனால முகத்துக்குப் பின்னால வானம் வச்சிருந்தா. கம்ப்யூட்டர்ல எப்பவும் இருக்கிற அதே நீல வானம், அதே மேகம். தேதி போடல, அதனால இது வேறன்னு நினைச்சுட்டா. கீழ பொடி எழுத்துல 'எங்கள் படத்துக்குக் கை கொடுங்கள்'னு இருந்துச்சு. அழகா இருக்குடின்னு நானும்தான் சொன்னேன். அந்த வானத்தப் பாத்துப் பாத்து எங்க ரெண்டு பேருக்கும் அது சுவத்துப் பெயிண்டு மாதிரி ஆயிடுச்சு. கண்ணு பழகிப் போனா இப்படித்தான் குருடாப் போகும்.

சனிக்கிழமை, ஊருக்குத் தெற்குக் கோடியில ஒரு சர்ச் மைதானத்துல திருவிழா. வெர்டெல், ஜனேயா, ராஷார்டு மூணு பேரும் மேசை போட்டாங்க. அங்க நடந்தது எனக்கு அப்புறம் வெர்டெல் வாயால கேட்டுத்தான் தெரியும். முதல்ல ஒரு வாலிபன் வந்து சட்டையப் பாத்துட்டு தொப்பியக் கழட்டினானாம்.

"அடப்பாவமே, எவ்வளவு சின்னப் பிள்ளை. எப்படி ஆச்சு?"

ஜனேயா பதறிப்போய், "இல்லண்ணே, நல்லா இருக்கா. இவள வச்சுப் படம் எடுக்கிறோம், அதுக்குத்தான்"னா.

"ஓ. அப்படியா. நல்லது, நல்லது"ன்னுட்டு தொப்பிய மாட்டிக்கிட்டு கறி வறுக்கிற கடைப்பக்கம் போயிட்டான். இப்படியே மத்தியானம் வரைக்கும். வர்றவங்க எல்லாம் நெஞ்சுல கை வச்சுக்கிட்டு வந்தாங்க. உண்மையச் சொன்னதும் சிரிச்சு, வாழ்த்திட்டுப் போனாங்க. ஒரு சட்டைகூடப் போகல.

பிள்ளைங்க ரெண்டும் சாப்பாட்டு வரிசையில நிக்கப் போயிடுச்சுங்க. வெர்டெல் தனியா இருந்தா. வெள்ளை உடுப்பு போட்ட ஒரு வயசான சர்ச் அம்மா வந்து நின்னாங்களாம்.

"உங்க பேத்தியா?"

இவ வாயத் திறந்தா. அதுக்குள்ள அந்த அம்மா இவ கைமேல தன் ரெண்டு கையையும் வச்சு, "கர்த்தர் உங்களத் தாங்குவார் தங்கச்சி"ன்னு சொல்லி, இருபது டாலர் வச்சு, சட்டைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

"எத்தனை பேர் கைமேல நான் அப்படிக் கை வச்சிருப்பேன் ஓப்பல். என் கைமேல யாரும் வச்சதில்ல. எனக்கு வார்த்தை வரல"ன்னா என்கிட்ட.

"சரி, அது முதல் சட்டைக்கு. ரெண்டாவது சட்டைக்கு?"

"ரெண்டாவதுக்கு வார்த்தை வந்துச்சு. நான்தான் முழுங்கிட்டேன்."

ஒரு மணி நேரம்கூட ஆகல. நாற்பதும் போச்சு. இருபது சொன்ன இடத்துல முப்பது குடுத்தாங்க, நூறு குடுத்தாங்க, மீதி வேண்டாம்னாங்க. ஒரு பொண்ணு அங்கயே மேல் சட்டைக்கு மேல மாட்டிக்கிட்டு அழுதுச்சாம். ஜனேயா திரும்பி வந்து காலியான சட்டைப் பெட்டியப் பாத்துட்டு, "எப்படி மிஸ் வெர்டெல்?"ன்னு கேட்டதுக்கு, "வித்துடுச்சு கண்ணு"ன்னு மட்டும் சொன்னா. ஞாயித்துக்கிழமை ஒன்பதாயிரம் தாண்டிடுச்சு. ஜனேயா என் கடையில வந்து ஆடினா. ப்ரீ அவளோட சேந்து ஆடினா. வெர்டெல் ஓரமா உட்கார்ந்து கை தட்டினா. களைப்பா இருக்கா போலன்னு நினைச்சுக்கிட்டேன். என் புத்திய என்ன சொல்ல.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். லகீத்தா கிடங்குல சாப்பாட்டு நேரம். அவளுக்கு அறிமுகம் இல்லாத ஒருத்தி, வேற பிரிவுல வேலை பாக்குறவ, வேலை அங்கியக் கழட்டி நாற்காலியில போடுறா. உள்ள போட்டிருந்த சட்டையில நீல வானம், வெள்ளை மேகம், நடுவுல ப்ரீ சிரிக்கிறா.

லகீத்தா கிட்டப் போய், "இது யாரு?"ன்னு கேட்டா.

"யாரோ பாவம், சின்னப் பொண்ணு. எப்படிப் போச்சுன்னு தெரியல. சனிக்கிழமை சர்ச் திருவிழாவுல அதோட ஆச்சி ஒருத்தங்க வித்துக்கிட்டு இருந்தாங்க, மனசு கேக்கல, வாங்கினேன்."

இந்தப் பொம்பள சனிக்கிழமையே வாங்கியிருக்கா, ப்ரீய நான் இன்னிக்குக் காலையிலகூடப் பாத்தேனே — அந்த யோசனையெல்லாம் பெத்த வயித்துக்கு வருமா? ஒரு தடவ இப்படித்தான் எவளோ சொல்லித் தெரிஞ்சுகிட்டவ அவ. வேலைக்காரங்க சாமான் வைக்கிற பெட்டியத் திறந்து போன எடுத்துப் பொண்ணக் கூப்பிட்டா. எடுக்கல. மறுபடி கூப்பிட்டா. எடுக்கல. போன் குளத்துக்கரையில பையில இருந்துச்சு. அன்னிக்கு ஒத்திகை.

வெர்டெல் சொன்ன மாதிரியே கரையில நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தா. நான் அவளுக்கு எலுமிச்சம்பழத் தண்ணி கொண்டுபோயிருந்தேன், அதனால கண்ணால பாத்தேன். ஜனேயா எல்லாரையும் சத்தம் போடாம இருக்கச் சொல்லியிருந்தா. ப்ரீ நடுக்குளத்துல கைய விரிச்சு மல்லாந்து மிதக்குது. அசையல. அழகா இருந்துச்சு. அப்பத்தான் லகீத்தா கம்பிக் கதவத் தள்ளிக்கிட்டு வந்தா.

அவ போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. வேலைச் சப்பாத்தோட தண்ணியில குதிச்சா. அவளுக்கு நீச்சல் தெரியாது. நெஞ்சளவு தண்ணியில அடிச்சுக்கிட்டுப் போய்ப் பொண்ணப் பிடிச்சு இழுத்தா. மூச்சு இருக்கான்னு முகத்துல அறைஞ்சா. ப்ரீ பயந்துபோய், "அம்மா, நான்தாம்மா, விடும்மா, என்னம்மா"ன்னு கத்துது. லகீத்தாவுக்கு அது கேக்கல. ராஷார்டும் குளத்துக் காவல்காரப் பையனும் குதிச்சு ரெண்டு பேரையும் கரைக்குக் கொண்டாந்தாங்க. சிமெண்டுத் தரையில பொண்ண மடியில போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் முதுகத் தடவிக்கிட்டே இருந்தா.

சாயந்திரம் ஈரத்துணியக்கூட மாத்தாம லகீத்தா வெர்டெல் கடைக்கு வந்தா. கையில அந்தச் சட்டை. கிடங்குக்காரிகிட்டயே திரும்பப் போய் வாங்கிட்டு வந்திருக்கா. நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன், இருப்புக் கொள்ளாம அங்க போயிட்டேன்.

"அவ உயிரோட இருக்கான்னு நீங்க சொன்னீங்களா, சொல்லலயா?"

வெர்டெல் எந்திரிச்சு நின்னா. "சொல்லல."

"மறந்துட்டீங்களா?"

நான் மனசுக்குள்ள, ஆமான்னு சொல்லுடி, மறந்துட்டேன்னு சொல்லித் தொலைடின்னு கெஞ்சினேன். அவ சொல்லல.

"மறக்கல லகீத்தா. சொன்னா யாரும் வாங்கல. அதனால சொல்லல."

"டேவியனுக்கு நீதான அடிச்ச. இதே மெஷின்லதான. உன்ன நம்பி அனுப்பினேன். நீ என் பொண்ணக் கொன்னு வித்திருக்க." அதுவரைக்கும் மிஸ் வெர்டெல், நீங்கன்னு பேசினவ. "கிடங்குலருந்து குளத்துக்கு வர்றதுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. அந்த இருபத்தஞ்சு நிமிஷமும் எனக்குப் பிள்ளையே இல்ல. ரெண்டும் இல்ல. தெரியுதா உனக்கு?"

நான் நடுவுல புகுந்து ஏதோ சொல்லப் போனேன். "நீ சும்மா இரு ஓப்பல்"னு வெர்டெல் சொன்னா. லகீத்தா சட்டைய மெஷின் மேல போட்டுட்டு, ப்ரீ இனிமே இந்தப் பக்கமே வராதுன்னுட்டுப் போனா.

ஜனேயாவுக்கு விஷயம் முழுசாத் தெரிஞ்சது அன்னிக்குத்தான். அவ கத்தல, சண்டை போடல. மறுநாள் வந்து, "அவ செத்துட்டான்னு நினைச்சு குடுத்த காசுல, அவ வளர்ற படத்த நான் எப்படி எடுப்பேன் மிஸ் வெர்டெல்?"னு கேட்டா. திருவிழாக் காசத் தனியா எடுத்துட்டா. என் சேமிப்புலருந்து எடுத்துக்கோடின்னு வெர்டெல் அவ கையப் பிடிச்சுக் கெஞ்சினா. "காசு இருந்தாலும் ப்ரீ இல்லயே"ன்னா. வேற பொண்ணப் போடலாம்னு ராஷார்டு சொன்னான். எந்தத் தாய் வாசல்ல போய் நிக்கிறது இனிமே? ஜூன் முப்பது வந்துச்சு, போச்சு. போட்டவங்க எல்லாருக்கும் திரும்பிடுச்சு. ஆகஸ்டு கடைசியில குளத்தையும் மூடிட்டாங்க. ஜனேயா அட்லாண்டா போயிட்டா. அங்க யார் யாரோ எடுக்கிற படத்துல விளக்குத் தூக்குறதாக் கேள்வி. போறப்போ எங்க ரெண்டு பேரையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டுதான் போனா. வெர்டெல் மேல மனசுல ஒண்ணும் வச்சுக்கல. அதுதான் வெர்டெலுக்குத் தாங்கல.

காச திருப்பிக் குடுக்கணுமே. நாலு சனிக்கிழமை வெர்டெல் அந்தத் தெற்குக் கோடி சர்ச் வாசல்ல போய் நின்னா. அட்டையில எழுதிக் கழுத்துல மாட்டிக்கிட்டா: 'நீங்கள் வாங்கிய சட்டையில் இருக்கும் பெண் உயிரோடு இருக்கிறாள். சட்டையைத் தந்து பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.' நானும் ஒரு தடவ கூடப் போனேன். சிலர் திட்டினாங்க. ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா, "சாவ வித்துத் தின்ன கிழவி"ன்னான். அவன நான் உண்டு இல்லன்னு பண்ணியிருப்பேன், வெர்டெல் என் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. முதல் சட்டை வாங்கின அந்த வெள்ளை உடுப்பு அம்மாவும் வந்தாங்க. அட்டையப் படிச்சாங்க. கண்ணு கலங்கிடுச்சு.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு தங்கச்சி. என் மகன் போய் ரெண்டு வருஷம், வந்துடுவான், வந்துடுவான்னு வாசல்லயே நின்னேன். மனசு ஒத்துக்காது. மெதுவா ஒத்துக்கும்."

"அக்கா, நிஜமாவே இருக்கா. ஏழாம் வகுப்பு போகப் போறா"ன்னு வெர்டெல் சொன்னா.

"இருப்பா, இருப்பா. நம்ம கூடத்தான் இருப்பா"ன்னு அந்த அம்மா அவ தலையத் தடவிக் குடுத்தாங்க. சட்டையத் திருப்பித் தர மாட்டேன்னுட்டாங்க. நாற்பதுல பதினொண்ணுதான் திரும்பி வந்துச்சு. மத்ததெல்லாம் இன்னும் ஊருக்குள்ள யார் நெஞ்சுலயோ நடமாடிக்கிட்டு இருக்கு.

தொழில விட்டுடுடின்னு நான் சொன்னேன். விட்டுட்டா பெத்தவளுக எங்க போவாங்கன்னா. அதுவும் சரிதான். வந்துக்கிட்டேதான் இருந்தாங்க. ஆனா பாட்டு இல்ல, பேச்சு இல்ல. எலும்பும் தோலுமா ஆயிட்டா.

செப்டம்பர் கடைசி, பள்ளிக்கூடம் விட்ட நேரம். நான் வெர்டெலுக்கு அவிச்ச கீரை கொண்டுபோய்க் குடுத்துட்டு, தின்னுடின்னு அதட்டிக்கிட்டு இருந்தேன். கதவத் திறந்துகிட்டு ப்ரீ வந்தா. மூணு மாசத்துல கிடுகிடுன்னு வளந்துட்டா. கால்சட்டை கணுக்காலுக்கு மேல நிக்குது. அந்தப் படத்துல இருக்க வேண்டிய பொண்ணு இவ இல்ல இப்போ. அந்த வயசு போயிடுச்சு.

"அம்மாவுக்குத் தெரியுமா நீ வந்தது?"ன்னு வெர்டெல் கேட்டா.

"தெரியாது. நான் அம்மாகூடப் பேசுறதே இல்ல. சட்டையில என் முகத்தப் போட்டதுக்குப் போய்ப் படத்தையே கெடுத்துட்டாங்க. பைத்தியக்காரி மாதிரி சப்பாத்தோட குளத்துல குதிச்சாங்க, எல்லாரும் சிரிச்சாங்க. நான் நல்லா நடிச்சேன்ல மிஸ் வெர்டெல்? ஜனேயா அக்கா சொன்னாங்க, நான் நல்லா நடிச்சேன்னு."

பொண்ணுகிட்ட யாரும் எதுவும் சொல்லலன்னு அப்பத்தான் எங்களுக்கு உறைச்சுது. லகீத்தா வாயத் திறக்கவே இல்ல. பொண்ணு தன்ன வெறுத்தாலும் பரவாயில்ல, ஊரே அவளச் செத்தவளா நினைச்சு அழுததுன்னு அவ காதுல விழக் கூடாதுன்னு இருந்துட்டா.

நான் வெர்டெல முறைச்சேன். வாய மூடிக்கிட்டு இருன்னு கண்ணாலயே சொன்னேன். அவ என்னப் பாக்கல. ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு ப்ரீய உட்கார வச்சா. எதிர்ல தானும் உட்கார்ந்தா.

"உங்கம்மா கெடுக்கல கண்ணு. நான் கெடுத்தேன். அந்தச் சட்டைய வாங்கினவங்க நீ செத்துட்டன்னு நினைச்சாங்க. நான் இல்லன்னு சொல்லல. அப்படிக் கேள்விப்பட்டுத்தான் உங்கம்மா அன்னிக்கு ஓடி வந்தா."

ப்ரீ பைய மடியில வச்சுக்கிட்டு அதோட பட்டைய முறுக்கிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அந்த மூஞ்சியப் பாக்க முடியல.

"நான் செத்துட்டேன்னு நினைச்சப்போ எத்தனை சட்டை வித்துச்சு?"

"நாற்பது."

"உயிரோட இருக்கேன்னு சொன்னப்போ?"

வெர்டெல் அந்தப் பொண்ணுகிட்டயும் பொய் சொல்லல. "ஒண்ணுகூட விக்கல கண்ணு"ன்னா.

ப்ரீ தலைய ஆட்டிக்கிச்சு. அப்புறம் எந்திரிச்சு, அம்மா ஆறு மணிக்கு வேலை முடிஞ்சு வந்துடுவாங்க, அவங்க வர்றப்போ நான் வீட்டுல இருக்கணும்னு சொல்லிட்டு, பஸ்ஸுக்கு ஓடிச்சு.